அழுகைக் கதை வேண்டாம் என்கிறீர்களா?



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு வேண்டுகோள் அடிக்கடி தலைகாட்டுகிறது. "டீச்சர், மனத்துக்குத் தெம்பு தரும் புத்தகங்களாகப் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் பெரட்டுக்குப் போய், பகல் முழுக்க வெயிலில் பாடுபட்டு வருகிறோம். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தும் அழ வேண்டுமா?" என்று ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். செம்பனைக் குலையைச் சுமந்து தோள் கன்றிப்போனவருக்கு, மேற்கொண்டு ஒரு சுமையைத் தூக்கி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் தெம்பு என்பது எது? பட்டணத்துப் புத்தகக் கடைகளில் வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்களே, முன்னேறுவதற்கு ஏழு படி, பணக்காரராவதற்குப் பத்து வழி என்று! வாங்கியவர் படியேறினாரோ இல்லையோ, விற்றவர் ஏறிவிட்டார். அவற்றைப் படித்தால் ஒரு வாரம் முறுக்காக இருக்கும். அடுத்த சம்பள நாளில் இறங்கிவிடும். நான் சொல்ல வருவது வேறு வகைத் தெம்பு. நம்மைப் போன்ற ஒருவர் பட்டதையும் தாங்கியதையும் புத்தகத்தில் பார்க்கும்போது, "நாம் மட்டும் இல்லை" என்று நெஞ்சு நிமிர்கிறதே, அந்தத் தெம்பு. இந்தமுறை புத்தக உலகச் செய்திகளைப் புரட்டியபோது அதற்குத் தோதாகச் சில நல்ல சேதிகள் கிடைத்தன.

முதல் சேதி கன்னட நாட்டிலிருந்து. 2025ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் அனைத்துலக புக்கர் பரிசு பானு முஷ்டாக் என்னும் அம்மையாருக்குக் கிடைத்தது. கர்நாடகத்தின் ஹாசன் நகரில் வசிக்கும் வழக்கறிஞர் அவர். 1990ஆம் ஆண்டு தொடங்கி 2023 வரை கன்னடத்தில் எழுதிய கதைகளிலிருந்து 12 கதைகளை எடுத்து, தீபா பாஸ்தி என்பவர் ஆங்கிலத்தில் 'ஹார்ட் லேம்ப்' என்ற பெயரில் தந்தார். இதய விளக்கு என்று பொருள். சிறுகதைத் தொகுப்பு ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. கன்னட நூல் ஒன்று பெற்றதும் முதல் தடவை. பரிசுப் பணம் 50,000 பவுண்டு. அதை எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பரிசின் விதி. மொழிபெயர்ப்பாளரை மூலையில் உட்காரவைக்காத இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பானு முஷ்டாக் யாரைப் பற்றி எழுதினார்? ராஜா ராணியைப் பற்றியல்ல. அடுப்படியிலும் வாசற்படியிலும் காலம் தள்ளுகிற முஸ்லிம் பெண்களைப் பற்றி. தலைப்புக் கதையில், கணவன் வேறொருத்தியை நாடிப் போய்விட, ஒரு தாய் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் தம்பிகள் குடும்ப மானத்தைச் சொல்லி அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்த அந்தத் தாயைத் தடுத்து நிறுத்துவது யார் தெரியுமா? அவள் பெற்ற மகள். கதை அங்கேதான் ஒளி பெறுகிறது. நம் லயத்து வீடுகளிலும் இப்படித் தாயைத் தாங்கிப் பிடித்த மகள்கள் எத்தனை பேர்! நூல் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகள் ஒரு கதையை வாசித்துவிட்டு, சமைக்கும்போது அம்மாவுக்குத் தமிழில் சொல்லட்டும். மகளுக்கு ஆங்கிலமும் வளரும், அம்மாவுக்குக் கதையும் கிடைக்கும்.

இரண்டாவது சேதி கொஞ்சம் பழையது. ஆனால் நம்மவர்களுக்கு அவசியமானது. பெருமாள்முருகன் 2012இல் எழுதிய 'ஆளண்டாப் பட்சி' என்ற நாவலை ஜனனி கண்ணன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 2023ஆம் ஆண்டு இந்தியாவின் ஜே.சி.பி. இலக்கியப் பரிசைப் பெற்றது. ஒரு குடியானவக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கிறது. கடைக்குட்டியான முத்துவுக்குக் கிடைப்பது சொற்பம். உடன்பிறந்தாரின் துரோகம் வேறு. பிறந்த மண்ணில் இனி இருக்க முடியாது என்று, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, குப்பன் என்ற பண்ணையாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புது நிலம் தேடிப் புறப்படுகிறான். கதை முழுக்க அந்தத் தேடல்தான்.

இதை நம்மவர்களுக்கு அவசியம் என்று ஏன் சொல்கிறேன்? தோட்டம் கைமாறிற்று, வீடமைப்புத் திட்டம் வருகிறது, லயத்தைக் காலி செய்யுங்கள் என்ற கடிதத்தைக் கையில் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? லாரியில் அலமாரியையும் அம்மிக்கல்லையும் சாமி படத்தையும் ஏற்றிக்கொண்டு தாமானுக்கோ அடுக்குமாடிக்கோ போனவர்கள், முத்து வண்டியில் ஏறும் பக்கத்தைப் படித்தால் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதிய இடத்தில் தண்ணீர் எங்கே, அக்கம்பக்கம் எப்படி, நம்மை ஏற்பார்களா என்ற கவலைகள் எல்லாம் இந்தக் கதையிலும் வருகின்றன. இன்னொன்று: இது கொங்குத் தமிழில் எழுதப்பட்டது. சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில், காலமான பாட்டியின் சொற்கள் இதில் உயிரோடு எழுந்து வரும். பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சில சொற்கள் விளங்காது. விளங்காத சொல்லைப் பெரியவர்களிடம் கேட்கட்டுமே! பெரியவர்களுக்கும் பேச ஒரு சாக்கு வேண்டும்.

இந்த எழுத்தாளரே ஒரு காலத்தில் பேனாவைக் கீழே வைத்தவர். வேறொரு நாவலுக்கு வந்த எதிர்ப்பால் 2015இல் இனி எழுதுவதில்லை என்று அறிவித்துவிட்டார். 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபின் மீண்டும் எழுத வந்தார். அவர் வாழ்க்கையே படித்துத் தெம்பு பெறத்தக்கதுதான்.

மூன்றாவது சேதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு தமிழில் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற ஆய்வு நூலுக்கு அளிக்கப்பட்டது. கப்பலோட்டிய தமிழரை வெள்ளையர் கைது செய்ததும் பொதுமக்கள் தெருவில் இறங்கிய வரலாறு அது. ஆய்வு நூல் என்பதால் கதைபோல ஓடாது. ஆசிரியர்களும் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர்களும் தேடிப் படிக்கலாம். தலைவரைத் தெரியும் நமக்கு; தலைவருக்காகக் குண்டடி பட்டவரைத் தெரியாது. அப்படிப்பட்ட சாதாரண மனிதர்களை நினைத்துக்கொண்டுதான் இனி நம் நாட்டுப் புத்தகங்களுக்கு வருகிறேன். இன்றைய பக்கத்தின் முக்கியமான பகுதி இதுதான்.

தோட்ட வாழ்க்கையைப் பற்றிய நாவல் என்றவுடன் பலருக்கும் ஞாபகம் வருவது அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'. 1970களில் அவர் இங்கே வந்து பார்த்துப் பேசிச் சென்று எழுதியது. நல்ல மனத்தோடு எழுதிய நூல், படிக்கலாம். ஆனாலும் அது விருந்தாளியின் கண். விருந்தாளிக்குப் பால்மரம் முதலில் அழகாகத் தெரியும், பிறகுதான் அதன் அடியில் கொசு கடிப்பது தெரியும். இந்த மண்ணிலேயே இருந்து எழுதியவர்களுக்குக் கொசுதான் முதலில். கெடா மாநில எழுத்தாளர் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தோட்டத்துப் பேச்சு, தோட்டத்துச் சண்டை, தோட்டத்துச் சிரிப்பு எல்லாம் கழுவித் துடைக்காமல் அப்படியே இருக்கும். 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. நம் லயத்துக் கதைக்குக் கோயம்புத்தூரில் மாலை விழுந்தது என்றால் சும்மாவா!

இனி நான் எல்லாக் குடும்பங்களுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுச் சிபாரிசு செய்யும் இரண்டு நூல்கள். ஒன்று ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. மற்றது அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. இரண்டும் ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களின் கதை.

"பார்த்தீர்களா, கடைசியில் அழுகைக் கதைக்கே வந்துவிட்டார்!" என்று அந்த அம்மையார் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், அம்மா.

நடந்தது இதுதான். 1942இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள், சயாமின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை ஜப்பானியர் போட்டு முடித்தார்கள். காடு, மலை, ஆறு, மழை, வாந்திபேதி. இதில் வேலை வாங்கப்பட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ 2 லட்சத்துக்கும் கூடுதல் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மாண்டவர் 90,000 பேர் என்பது பரவலான ஒரு மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர். மதிப்பீடு என்று சொல்வதற்குக் காரணம், நம்மவர்களுக்குச் சரியான பேரேடு வைக்கப்படவில்லை என்பதுதான்.

இன்று காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கே போர் வீரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை பிசகாமல் பராமரிக்கிறார்கள். பெரும்பாலான கல்லில் பெயரும் வயதும் பொறித்திருக்கும். பார்க்கவே மனம் நெகிழும். அவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே. அதே பாதையில் மாண்ட நம் தோட்டத்து மக்களுக்கு ஆளுக்கொரு கல் எங்கே? பெயர் எங்கே? 1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படம் உலகமெங்கும் ஓடியது. அதிலும் நம்மவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கல்லில் எழுதாததை இந்த இரண்டு நாவலாசிரியர்கள் காகிதத்தில் எழுதினார்கள். ரெங்கசாமி அவர்கள் தம் நாவலுக்கு 'நினைவுச் சின்னம்' என்று பெயர் வைத்ததை நினைத்துப் பாருங்கள்.

ஒருமுறை ஐந்தாம் ஆண்டு வகுப்பில், பாட நேரம் போக மிச்சமிருந்த வேளையில், இந்தக் கதையின் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி சுருக்கிச் சொன்னேன். மறுநாள் காலை ஒரு சிறுமி மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், எங்க பாட்டியோட அப்பாவும் சயாமுக்குப் போனவராம். படம் காட்டுறோம்னு கூப்பிட்டாங்களாம். வரவே இல்லையாம்" என்றாள். இதற்கு முன் பாட்டி சொன்னதே இல்லையா என்று கேட்டேன். "யாரும் கேட்கலயே, டீச்சர்" என்றாள். மறு வாரம் பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார். தகப்பனார் போனபோது பாட்டி கைக்குழந்தை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தாயார் சொல்லக் கேட்டது. தாயார் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லையாம். செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லையே, எப்படிக் கழற்றுவது? இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டி அழவில்லை. புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்து, "இதெல்லாம் எழுதி வச்சிருக்காங்களா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். போகும்போது நிமிர்ந்துதான் போனார். நான் தெம்பு என்று சொன்னது அந்த நிமிர்வைத்தான், அம்மா.

அவசரப்படுத்துவதற்கும் காரணம் உண்டு. அன்றைக்குப் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. நேரில் கண்டவர்கள் ஒரு தோட்டத்துக்கு ஒருவர்கூட இல்லை. கேட்டு வைத்திருக்கும் பிள்ளைகளும் எண்பதை எட்டிவிட்டார்கள். புத்தகங்களின் நிலையும் அதுதான். நம் நாட்டுத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. தீர்ந்தால் மறுபதிப்பு வருவது எழுத்தாளரின் சட்டைப்பையைப் பொறுத்தது. பத்திரிகைகள் மட்டும் என்ன? 1924இல் தொடங்கி நம் மக்களுக்குக் கதை எழுதவே கற்றுக்கொடுத்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் நடத்திய கதை வகுப்பில் எழுதப் பழகியவர்கள்தான் பிறகு இந்நாட்டு இலக்கியத்துக்கே அடித்தளம் போட்டார்கள். ஒரு காலத்தில் லயத்துக்கு ஒரு பிரதி வரும். எழுத்து தெரிந்த ஒருவர் விளக்கடியில் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்தப் பழைய வழக்கத்தையே மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆளுக்கொரு புத்தகம் வாங்க வேண்டியதில்லை. மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு பிரதி வாங்கலாம். நாலு நம்பருக்குப் போகிற காசில் ஒரு மாதத்துப் பங்கை நிறுத்தினால் போதும், கோபித்துக்கொள்ளாதீர்கள், அண்ணன்மாரே! இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளை படிக்கட்டும், பெரியவர் கேட்கட்டும். பெரியவர் குறுக்கே ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். புத்தகம் நாளைக்கும் இருக்கும். சயாம் கதைகளில் வாந்திபேதி, பிணம் எரிப்பு போன்ற கொடுமையான பகுதிகள் வரும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தனியே படிக்க விட வேண்டாம். அவர்களுக்கு வேறு விருந்து இருக்கிறது: நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கே. பாலமுருகன் எழுதிய 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்'. துப்பறியும் கதை. தமிழ்ப் புத்தகமா என்று முகம் சுளிக்கும் பையன்களிடம் கொடுத்துப் பாருங்கள், திருப்பி வாங்குவது சிரமம்.

வாங்க வசதி இல்லாதவர்கள் பக்கத்துப் பட்டணத்துப் பொது நூலகத்தில் கேளுங்கள். தமிழ் அலமாரி சிறியதாகத்தான் இருக்கும். கேட்பவர் இல்லாததால்தான் சிறியதாக இருக்கிறது என்பார்கள். அதனால் வாரம் ஒருமுறை போய்க் கேளுங்கள். சிங்கப்பூர் வாசகர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். அங்கே தேசிய நூலகக் கிளைகளில் தமிழ் நூல்களை இரவல் பெறலாம். 2015இல் அந்நாட்டின் பொன்விழாவை ஒட்டி 300க்கு மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றியும் வைத்திருக்கிறார்கள். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகிய தளங்களில் பழைய தமிழ் நூல்களைக் காசில்லாமல் எடுக்கலாம். பார்வை மங்கிய தாத்தாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டலாம் என்பது அதில் ஒரு தனி வசதி.

கடைசியாக, வாசக அன்பர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யாராவது இருந்தால், ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். இன்னொரு பிரதி எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அவர் பெயர், எந்தத் தோட்டம், தோட்டத்தின் பழைய தமிழ்ப் பெயர், எந்த ஆண்டு போனார், யாரோடு போனார், திரும்பினாரா, இவ்வளவு போதும். எழுத்துப் பிழை பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெயர் தெரியாவிட்டால், வீட்டில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை எழுதுங்கள்.